சிங்க்வே தெர்ரே: ஐந்து ஊர்களைத் தாங்கும் கல்லடுக்குகள்

இத்தாலிக்குப் போகாதவர்கள்கூட, சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் ஒன்றான மனரோலாவைப் படத்தில் பார்த்திருப்பார்கள். கரும்பாறை மேல் மஞ்சளும் காவியும் இளஞ்சிவப்புமாக நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், கீழே கடல், அந்தி வெளிச்சம். காலண்டரில், கணினித் திரையில், வாட்ஸ்ஆப் காலை வணக்கத்தில் என்று அந்தப் படம் வராத இடமில்லை. பார்ப்பவர் கண் வீடுகளோடு நின்றுவிடும். வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவில், ஒன்றின் மேல் ஒன்றாக உச்சிவரை ஏறிப்போகும் மெல்லிய கோடுகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவை கல்சுவர்கள். கைகளால் அடுக்கியவை. அந்தச் சுவர்கள் இல்லாவிட்டால் அங்கே திராட்சை இல்லை, திராட்சை இல்லாவிட்டால் ஊரே உருவாகியிருக்காது. இன்றைக்குச் சுவர் சரியும்போது ஊரும் அதோடு ஆட்டம் காண்கிறது என்பதை 2011 வெள்ளத்தில் உலகமே பார்த்தது.

வடமேற்கு இத்தாலியில், லிகூரியா மாநிலத்தின் கிழக்கு முனையில், லா ஸ்பெட்ஸியா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சிங்க்வே தெர்ரே. மேற்கிலிருந்து வந்தால் மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று ஐந்து ஊர்கள். ஐந்திலும் சேர்த்து நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நாலாயிரம் பேருக்கும் குறைவு. ஆண்டுக்கு வந்து போகிறவர்களோ லட்சக்கணக்கில். 1997இல் யுனெஸ்கோ இந்தக் கடற்கரையை, பக்கத்திலிருக்கும் போர்த்தோவெனெரே ஊரையும் மூன்று சிறு தீவுகளையும் சேர்த்து, உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. இயற்கை அதிசயம் என்ற வகையில் அல்ல, பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில். மனிதன் செய்த நிலம் என்று அர்த்தம். 1999இல் தேசியப் பூங்காவும் ஆனது. நாலாயிரம் ஹெக்டேருக்கும் குறைவான பரப்பு. இத்தாலியின் தேசியப் பூங்காக்களில் இதுதான் மிகச் சிறியது. பூங்கா என்றதும் காடும் விலங்கும் நினைவுக்கு வரும். இங்கே பாதுகாக்க வேண்டிய பொருள் விவசாயம்.

ஏன் இப்படி ஓர் இடத்தில் போய் விவசாயம் செய்தார்கள்? சமவெளி என்று சொல்ல ஒரு முழம் நிலம் கிடையாது. மலை நேராகக் கடலில் இறங்குகிறது. கடல்வழிக் கொள்ளையர் பயம் இருந்த காலத்தில் மக்கள் மேலே, மலைமுகட்டை ஒட்டித்தான் குடியிருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்தப் பயம் கொஞ்சம் தணிந்ததும் ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் ஊர்கள் எழுந்தன. பிறகு ஜெனோவா குடியரசின் கை ஓங்கியது; வெர்னாட்சாவில் இன்றும் நிற்கும் காவல் கோபுரமும், மொந்தெரோஸ்ஸோவின் கோட்டை மிச்சங்களும் அந்தக் காலத்துச் சாட்சிகள். இவற்றை மீனவ ஊர்கள் என்று எழுதுவது பயண இதழ்களின் வழக்கம். மொந்தெரோஸ்ஸோவுக்கு அது பொருந்தும். மற்ற ஊர்க்காரர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து வாழ்ந்தவர்கள். விற்றுக் காசாக்கியது வெள்ளைத் திராட்சை மதுவை. 14ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ தன் தெக்கமெரோன் தொகுப்பின் கதையொன்றில் கோர்னீலியாவின் மதுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் என்றால், அதற்கு இருந்த கிராக்கியை ஊகித்துக்கொள்ளலாம்.

சுவர் எப்படி எழுப்பப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் சரிவை வெட்டி, பாறை தட்டும்வரை தோண்டுகிறார்கள். தோண்டும்போது கிடைக்கும் மணற்கல்தான் சுவருக்கான கல்; வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. பெரிய கற்களை அடியிலும் முகப்பிலும் வைத்து, சுவர் முழுவதையும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்த்து எழுப்புகிறார்கள். முகப்புக்குப் பின்னால் சின்னக் கற்களும் சல்லியும். அதற்கும் பின்னால்தான் மண். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது. ஒரு கல் அடுத்த இரண்டு கற்களின் மூட்டின் மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் பிடிமானம்.

சிமெண்ட் வைத்துக் கெட்டியாகப் பூசினால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, சல்லி வழியாக வடிந்து, கல் இடுக்குகளில் கசிந்து வெளியே வர வேண்டும். இடுக்கை அடைத்துவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கி, மண் கனத்து, சுவர் வயிறு தள்ள ஆரம்பிக்கும். பிறகு ஒரு நாள் மொத்தமாகச் சரியும். சும்மா அடுக்கிய சுவரிலும் ஒரு மூலை இடிவது உண்டு; இடிந்த கல்லையே எடுத்துத் திரும்ப அடுக்கிவிடலாம். அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து பார்க்க வேண்டும். கட்டி முடித்தேன் என்று சொல்லவே முடியாத கட்டுமானம் இது. ஐந்து ஊர்களின் சுவர்களையும் வரிசையாக நீட்டினால் சீனப் பெருஞ்சுவரோடு போட்டி போடும் என்பது உள்ளூர்ப் பெருமை. அளந்தவர் யாரென்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்பதில் மட்டும் தகராறில்லை. இப்படிக் கல் அடுக்கும் கலையை 2018இல் இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ தனியாகவும் அங்கீகரித்தது.

மேலே கொடிகளைப் படரவிடும் பந்தலும் தாழ்வானது. கடற்காற்றுக்குத் தப்ப அப்படிச் செய்தார்கள். பழம் பறிப்பவர் குனிந்து, சில இடங்களில் மண்டியிட்டு, பந்தலுக்கு அடியில் நகர்ந்து போக வேண்டும். பறித்த கூடையை முதுகிலும் தலையிலும் சுமந்து படியிறங்கியது பெண்களின் பாடு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒற்றைத் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பற்றி ஏறும் குட்டி இழுவை வண்டிகள் வந்த பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது. மனரோலாவிலிருந்து மேலே நடந்தால் கொடிகளுக்கு நடுவே அந்தத் தண்டவாளம் செங்குத்தாக ஏறுவதைப் பார்க்கலாம். சவாரிக்கு ஆசைப்பட வேண்டாம், அது பழக்கூடைக்கு மட்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை எப்படிக் கைவிட்டார்கள்? ஒரே நாளில் நடந்ததல்ல. 1860களில் லா ஸ்பெட்ஸியாவில் கடற்படைத் தளமும் ஆயுதசாலையும் எழுந்தன. மாதச் சம்பளம் என்ற ஒன்று முதல்முறையாகக் கூப்பிடு தூரத்துக்கு வந்தது. 1874இல் ஜெனோவாவுக்கும் லா ஸ்பெட்ஸியாவுக்கும் இடையே ரயில் ஓட ஆரம்பித்ததும் காலையில் போய் மாலையில் திரும்புவதும் சாத்தியமானது. அதுவரை வெளியுலகத்துக்கு வழி என்றால் படகு, இல்லையென்றால் கழுதைப் பாதை. 1920களில் வேரை அரிக்கும் ஃபில்லாக்ஸெரா பூச்சி வந்து கொடிகளை நாசமாக்கியது. ஏற்கெனவே அரை மனதாக இருந்தவர்கள் மறுபடி நட முனையவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த தொழில் வளர்ச்சி மிச்சமிருந்த இளைஞர்களையும் இழுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த திராட்சைத் தோட்டம் இப்போது சுமார் நூறு ஹெக்டேரில் வந்து நிற்கிறது. மிச்சத்தைப் பைன் மரமும் முட்புதரும் எடுத்துக்கொண்டன. நிலம் பங்கு பிரிந்து பிரிந்து பாய் அகலத் துண்டுகளாகிவிட்டதால், யாருடையது என்று தேடிப்பிடித்து வாங்குவதே ஒரு வேலை. போதாக்குறைக்குக் காட்டுப்பன்றிகள் வேறு. கிழங்குக்கும் புழுவுக்கும் மண்ணைக் கிளறி, சுவரின் காலை வாருவதில் அவற்றுக்கு நிகரில்லை.

2011 அக்டோபர் 25 அன்று அந்தப் பகுதியில் சில மணி நேரத்துக்குள் கொட்டிய மழை, சில இடங்களில் 500 மில்லிமீட்டரைத் தாண்டியது. மலையிலிருந்து மண், கல், மரம் எல்லாம் ஓடைகளில் இறங்கின. வெர்னாட்சாவின் பிரதான தெருவுக்கு அடியில்தான் ஊர் ஓடை மூடிய கால்வாயாக ஓடுகிறது. அது தாங்காமல் பிதுங்கி, தெருவே ஆறானது. வண்டிகள் கடலில் போய் விழுந்தன. கடைகளின் கதவுக்கு மேல்வரை, சில இடங்களில் நாலு மீட்டர் உயரத்துக்குச் சேறு. வெர்னாட்சாவில் மூன்று பேர் இறந்தார்கள். மொந்தெரோஸ்ஸோவில் ஊருக்கு உழைக்க ஓடிய தன்னார்வலர் ஒருவர் வெள்ளத்தில் போனார். ஊரைத் தோண்டி எடுக்க மாதங்கள் ஆயின. பிற்பாடு சரிவுகளை ஆராய்ந்த நிலவியலாளர்கள் கண்டது கவனிக்கத்தக்கது: அதிகமாகச் சரிந்தவற்றில், அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட அடுக்கு நிலங்கள் முன்னணியில் இருந்தன. பல தலைமுறைக்கு முன்பே விட்டுவிட்ட இடத்தில் காடு வேரூன்றிவிடுகிறது. உழுகிற இடத்தில் சுவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். ஆளும் போய், காடும் வராத இடைக்காலம்தான் ஆபத்து.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் சுற்றுலா இங்கே என்ன செய்கிறது என்பது விளங்கும். அது ஊரைக் காப்பாற்றியது, இதில் ஐயமில்லை. அறை வாடகையும் உணவகமும் இல்லாவிட்டால் பாதிப் பேர் எப்போதோ கிளம்பியிருப்பார்கள். ஆனால் வெயிலில் குனிந்து கல் அடுக்குவதைவிடப் பாட்டி வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுவதில் வருமானம் பல மடங்கு. யார்தான் மலை ஏறுவார்? வந்தவர்கள் பார்க்க வந்த நிலத்தையே, வந்தவர்கள் தந்த காசு தரிசாக்குகிறது. வாடகை ஏறியதில் உள்ளூர் இளம் தம்பதிகளுக்கு வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. அதிலும் சொகுசுக் கப்பலிலிருந்து கூட்டமாக இறங்கி, நாலு மணி நேரத்தில் ஐந்து ஊரையும் படமெடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் வாங்காமல் திரும்புகிறவர்களால் ஊருக்கு மிஞ்சுவது குப்பைதான். 2016இல் ஆண்டுக்கு 15 லட்சம் பேரோடு நிறுத்தலாம் என்ற பேச்சு எழுந்தது. உலகச் செய்திகளில் அடிபட்டது. திறந்த ரயில் நிலையங்கள் இருக்கிற ஊரில் எந்தக் கதவை மூடுவது என்ற கேள்விக்கு விடையில்லாமல் போனது. இப்போது விலையை வைத்துக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். ஐந்து ஊர்களையும் இணைக்கும் ரயிலில், அடுத்த நிலையம் மூன்று நிமிடத் தொலைவில்தான் இருக்கும்; 2024இல் நெரிசல் நாட்களில் அதற்கு 10 யூரோ வரை ஒற்றைப் பயணக் கட்டணம் வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது பொருந்தாது.

போகிற எண்ணம் இருப்பவர்களுக்கு என் முதல் யோசனை: ஃபுளோரன்ஸிலிருந்தோ மிலானிலிருந்தோ ஒரே நாளில் போய்வரும் திட்டத்தைக் கைவிடுங்கள். நம் ஊர்ப் பயண நிறுவனங்கள் பீசா கோபுரத்தையும் இதையும் ஒரே நாளில் திணிப்பதுண்டு. போகாமலே இருக்கலாம். பத்து மணி முதல் ஐந்து மணிவரை மற்ற எல்லோரும் வருகிற நேரத்தில் வந்து, ரயில் நடைமேடையில் நசுங்கிவிட்டுத் திரும்புவதுதான் மிச்சம். குறைந்தது இரண்டு இரவு தங்கினால் காலையும் மாலையும் உங்கள் கையில். ஊர்களில் அறை கிடைக்கவில்லை அல்லது கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு கோடியில் லெவாந்தோ, மறு கோடியில் லா ஸ்பெட்ஸியா, இரண்டிலிருந்தும் ரயில். பெரிய பெட்டியோடு போகிறவர்கள் அறை எத்தனையாவது படிக்கட்டில் இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்வது முதுகுக்கு நல்லது. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம்வரையும், செப்டம்பர் கடைசியும் நடக்கத் தோதான காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும்.

ஊர்களில் கடற்கரை என்று சொல்லும்படி மணல் இருப்பது மொந்தெரோஸ்ஸோவில். நோபல் பரிசு பெற்ற கவிஞர் யூஜெனியோ மொந்தாலே சிறுவயதுக் கோடைகளைக் கழித்த வீடும் அங்கேதான். நெத்திலிக்குப் பெயர்போன ஊர். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, உப்பில் அடுக்கி ஊறவைத்ததை ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். வெர்னாட்சாவுக்குத்தான் இயல்பான துறைமுகம். அலை வந்து மோதும் இடத்திலேயே 1318ஆம் ஆண்டு ஆவணத்தில் பேசப்படும் தேவாலயம். மனரோலாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் கடல் கொந்தளிக்கும் நாளில் படகுகளைத் தூக்கி வந்து தெருவில் நிறுத்திவிடுவார்கள், நம் தெருவில் பைக் நிற்பதுபோல. கோர்னீலியா மட்டும் கடலைத் தொடாமல் சுமார் நூறு மீட்டர் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. சுற்றுலாப் படகு அங்கே நிற்காது. ரயில் நிலையத்திலிருந்து லார்தரீனா என்ற படிக்கட்டில் 380 படிகள்போல ஏற வேண்டும். சின்னப் பேருந்தும் உண்டு. அந்தப் படிகளுக்குப் பயந்தே பாதிக் கூட்டம் இறங்குவதில்லை. ஆகவே ஐந்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நடைபாதைகளில் மொந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சாவுக்கும், அங்கிருந்து கோர்னீலியாவுக்கும் போகும் கடலோரப் பாதைகள் புகழ்பெற்றவை. இரண்டுக்கும் பூங்காவின் அட்டை வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேர நடை. செருப்பு போட்டுக்கொண்டு வந்து சறுக்கி விழுந்தவர்களை மீட்டு மீட்டு அலுத்துப்போய், 2019இல் சரியான காலணி இல்லாதவர்களுக்கு அபராதம் என்று அறிவித்தார்கள். சுவர்களைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. மனரோலாவிலிருந்து படிகளேறி வொலாஸ்த்ரா என்ற குட்டி ஊருக்குப் போய், அங்கிருந்து கோர்னீலியாவுக்கு இறங்குங்கள். ஏற்றம் மூச்சு வாங்கும். அதற்கப்புறம் பாதை, இன்றும் பயிராகும் தோட்டங்களின் சுவர் விளிம்பிலேயே போகும்; ஒரு பக்கம் தோளுயரத்தில் கொடி, மறுபக்கம் காலடிக்குக் கீழே அடுத்த அடுக்கு, அதற்கும் கீழே கடல். பராமரித்த சுவரையும் இடிந்து புதர் மூடிய சுவரையும் பத்தடி இடைவெளியில் பார்த்துவிடலாம். வானிலைத் துறை கனமழை எச்சரிக்கை விடுத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். வாதாட வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கஷ்டமில்லை. எண்ணெய் மினுமினுக்கும் ஃபொக்காச்சா ரொட்டி, கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுடும் ஃபரினாத்தா இரண்டும் தெருவில் கிடைக்கும். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவுக்கு லிகூரியாதான் தாய்வீடு. ஆனால் அதில் சேரும் சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் ஆனது. கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. மது அருந்துபவர்களுக்கு சியக்கெத்ரா இருக்கிறது. பறித்த திராட்சையை நிழலில் வாரக்கணக்கில் உலரவிட்டு, சுருங்கியதைப் பிழிந்து எடுக்கும் இனிப்பு மது. சாறு கொஞ்சமாகத்தான் தேறும், அதனால் அரை பாட்டிலே 40, 50 யூரோ சொல்வார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மையை வாங்குவதைவிட, இந்த விலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது: அந்தக் காசில் ஒரு பங்கு சுவருக்குப் போகிறது.

எல்லாக் காசும் அப்படிப் போவதில்லை என்பதற்கு ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் காதலர் பாதையே உதாரணம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ரயில் சுரங்க வேலையின்போது பாறையைக் குடைந்து போட்ட வழி அது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, சமதளம். 2012 செப்டம்பர் 24 அன்று மேலிருந்து பாறை சரிந்து ஆஸ்திரேலியப் பயணிகள் நான்கு பேர் காயமடைய, பாதை மூடப்பட்டது. திறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 20 மில்லியன் யூரோவுக்கு மேல் செலவழித்து, வலையடித்து, பாறைக்குள் இரும்புக் கம்பிகளைச் செருகி, 2024 கோடையில் முன்பதிவோடும் தனிக் கட்டணத்தோடும் திறந்தார்கள். பாதைக்கு மேலே இருக்கும் சரிவுகளுக்கு அப்படிப்பட்ட பணம் வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2019 முதல் மனரோலாவுக்கு மேலே சில ஹெக்டேர்களில் கல்லடுக்குச் சுவர்களைத் திரும்பக் கட்டி, புதியவர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்று நடந்தது. வேலையைக் கற்றவர்கள் மலையில் தங்குவார்களா, லா ஸ்பெட்ஸியாவில் வேறு வேலைக்குப் போவார்களா என்பது, 1860களில் அவர்களுடைய முன்னோர் எதிர்கொண்ட அதே கணக்கு. இம்முறை ஆயுதசாலையின் சம்பளத்தோடு, கீழ்த்தெருவில் அறை வாடகையும் போட்டிக்கு நிற்கிறது.